ஸ்ப்ரிங் வச்ச ஃப்ரீ மோஷன் ஃபுட்: திட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

கம்பெனி பேர் எதுவும் இல்லாம, லோ ஷாங்க் மெஷின் (ஃபுட் மாட்டுற தண்டு குட்டையா இருக்கிறது) எல்லாத்துக்கும் செட் ஆகும்னு மட்டும் போட்டு விக்கிறாங்களே, ஸ்ப்ரிங் வச்ச ஃப்ரீ மோஷன் க்வில்ட்டிங் ஃபுட், அதாவது நடுவுல பஞ்சு வச்ச க்வில்ட்டை நம்ம கையாலயே இஷ்டத்துக்கு நகத்தித் தைக்க தையல் மெஷின்ல மாட்டுற பாகம், அதப் பத்தித்தான் எழுதுறேன். 5க்கு 3 ஸ்டார். ஸ்ப்ரிங் அவ்ளோ விறைப்பா இருக்கிறதுக்கு ஒண்ணு கழிச்சாச்சு, எப்படி மாட்டணும்னு ஒரு துண்டுச் சீட்டு கூட உள்ள வைக்காததுக்கு இன்னொண்ணு. தையலே விழல, நூல் சிக்குது, தூக்கிப் போட்டுட்டேன்னு இதைத் திட்டுறவங்க நிறைய பேர், ஆனா அந்தப் புகார்ல பாதிக்கு மேல ஃபுட்டோட குத்தமே இல்ல, மாட்டின விதம்தான். நிஜமாவே ஃபுட்டோட குத்தமும் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுத்துடுங்க. இப்ப இருக்கிற ஃபுட்டை இறக்கிட்டு, அதோட அடியில இருந்து மாட்டுற ஸ்குரூவோட நடு வரைக்கும் ஸ்கேல் வச்சுப் பாருங்க, முக்கால் இஞ்ச் கிட்ட வந்தா லோ ஷாங்க், 1 இஞ்ச் தாண்டினா ஹை ஷாங்க். பழைய சிங்கர் சிலதுல தண்டே சாய்வா இருக்கும், அதுக்கு இது ஆகவே ஆகாது. அப்புறம் டக்குனு கிளிப்புல மாட்டி எடுக்கிற ஃபுட்டு பழகினவங்க கவனிங்க, இதுக்கு அந்தக் கிளிப்பு இருக்கிற பாகத்தையே கழட்டிட்டு தண்டுல நேரா வச்சு ஸ்குரூ முறுக்கணும். விரலால முறுக்கினா பத்தாது, இது குதிக்கிற குதிப்புல ஓடிக்கிட்டே இருக்கும்போதே லூஸ் ஆயிடும், ஸ்குரூடிரைவர் போடுங்க.

ஃபுட்டுல இருந்து பக்கவாட்டுல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, எல்லாமே அதுலதான் இருக்கு. அது ஊசியைப் பிடிச்சிருக்கிற ஸ்குரூவுக்கு மேல உக்காரணும். ஊசி மேல போகும்போது அந்த ஸ்குரூ கம்பியைத் தூக்கும், ஃபுட்டும் கூடவே எழும்பும், அந்த நேரத்துலதான் துணியை நகத்துறோம். கம்பி கீழ மாட்டிக்கிச்சுன்னா ஊசி இறங்குற ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்குரூ கம்பி மேல போய் இடிக்கும், ஃபுட்டும் எழும்பாது. அதனால மாட்டினதும் பெடல்ல கால் வைக்காம, கையால வீல் சுத்தி ஊசி ஒரு தடவை இறங்கி ஏறுறதைப் பாத்துடுங்க. சில மெஷின்ல அந்த ஸ்குரூ தலை குட்டையா இருக்கும், கம்பி ஓரமா நழுவிடும், இது இந்த ஃபுட்டோட டிசைன் குறைதான், கொஞ்சம் நீளமான ஸ்குரூ மாத்தினா சரியாகுது.

அடுத்து ஃபுட்டை ஏத்தி இறக்குற லிவர். இந்த ஃபுட் இறக்கினாலும் ஏத்தினாலும் பாக்குறதுக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், துணி மேல அழுத்தாது, அதனால இறக்காமலே தைக்க ஆரம்பிச்சுடுவாங்க. லிவர் மேல இருந்தா டென்ஷன் தட்டு (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற தகடுங்க) நூலைப் பிடிக்காது, மேல் நூல் அப்படியே ஓடிப்போய் அடியில தேங்கா நார் மாதிரி ஒரு கொத்து. உடனே பாபின் சரியில்லன்னு அதைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பாங்க, பாவம் அந்த பாபின் ஒண்ணுமே பண்ணல. நூல் கோக்கும்போது மட்டும் லிவர் மேல இருக்கணும், அப்பதான் தட்டுக்கு நடுவுல நூல் இறங்கும், தைக்கும்போது கண்டிப்பா கீழ.

இப்ப நிஜமான குறைக்கு வர்றேன். இது ரொம்ப உசரமா நிக்குது. ஊசி முழுசா கீழ இருக்கும்போது ஃபுட் துணியை லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும். இடைவெளி இருந்தா ஊசி மேல ஏறும்போது துணியும் சேந்து எழும்பும், நூல் லூப்பே சரியா உருவாகாது, அடியில அந்த லூப்பைப் பிடிக்கிற கொக்கிக்கு ஒண்ணும் கிடைக்காது, தையல் விட்டு விட்டு விழும். மெல்லிசு பஞ்சு வச்ச க்வில்ட்டுக்கு இந்தத் தொல்லை அதிகம், தடிமனா பஞ்சு வச்சா அதே ஃபுட் சமத்தா ஓடுது. மாறா துணி நகரவே மாட்டேங்குதுன்னா ஃபுட் ரொம்பக் கீழ இருக்குன்னு அர்த்தம். ஸ்குரூ மாட்டுற இடத்துல காடி கொஞ்சம் நீளமா இருக்கிறதால ஏத்தி இறக்கி முறுக்கலாம். அந்தத் தடால் தடால் சத்தத்துக்கும் எகிறலுக்கும் ஃபுட்டோட மேல் கம்பியில ஒரு ரப்பர் பேண்டை இறுக்கமா சுத்திவிட்டா பரவாயில்லாம அடங்குது, சிலர் கம்பியையே லேசா வளைக்கிறாங்க, எனக்கு அது பிடிக்கல, வளைஞ்சது வளைஞ்சதுதான்.

அடியில துணியைத் தள்ளுற பல்லை இறக்கிடுங்க, தையல் நீளம் 0. பல் இறங்காத மெஷினுக்கு மூடி பிளேட் வரும், ஆனா அது போட்டா துணி ஓடுற அடித்தட்டு கொஞ்சம் உசந்துடும், ஃபுட் உசரத்தை மறுபடி பாக்கணும். நீளத்தை மட்டும் 0 வச்சு பல்லை அப்படியே விட்டாலும் ஓரளவு ஓட்டலாம்.

வளைவுல மட்டும் பின்பக்கம் கண்ணிமை முடி மாதிரி நூல் நீட்டிக்கிட்டு நிக்குதா? ஃபுட்டை விட்டுடுங்க, கைதான் காரணம். வளைவு வந்தா கை தன்னால வேகமாயிடும், பெடல் அதே வேகத்துல இருக்கும், நூல் இழுபடும். கையைக் கொஞ்சம் நிதானமாக்கி பெடலை சீரா வச்சாலே பாதி போயிடும், மிச்சத்துக்கு மேல் டென்ஷனை கொஞ்சம் ஏத்துங்க. மேல்பக்கத்துல பாபின் நூல் புள்ளி புள்ளியா தெரிஞ்சா டென்ஷன் ஜாஸ்தி, இறக்குங்க.

நூல் அறுந்துக்கிட்டே இருந்தா முதல்ல ஊசியை மாத்துங்க, இதுக்கு 90/14 டாப்ஸ்டிட்ச் ஊசிதான் எனக்கு ஒத்து வருது, காது பெருசு, நூல் உரசாது. ஆரம்பிக்கும்போது பாபின் நூலை மேல இழுத்து ரெண்டு நுனியையும் பிடிச்சுக்கிட்டு முதல் ரெண்டு மூணு தையல் போடுங்க.

முன்பக்கம் திறந்த மாடலும் மூடின வட்டமும் ரெண்டும் கிடைக்குது, திறந்ததுல கோடு நல்லா தெரியும், ஆனா அப்ளிக் (மேல வச்சுத் தைக்கிற துணித் துண்டு) ஓரத்துல போய் மாட்டிக்கும், புதுசா பழகுறவங்க மூடினதையே எடுங்க. எதை எடுத்தாலும் ஊசி நடுவுல, நேர் தையல்லதான் இருக்கணும், மெஷின் ஆன் பண்ணதும் ஊசி தானா இடது பக்கம் போய் நிக்கிற ரகமா இருந்தா தைக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாத்துக்குங்க, இல்லன்னா ஊசி ஃபுட்டுல பட்டு ஒடைஞ்சு துண்டு மூஞ்சில தெறிக்கும்.