ஏ-8, ஏ-12: ஒரே உடம்பு, வேறு எஞ்சின்

அமெரிக்க ராணுவத்துக்காகக் கர்டிஸ் நிறுவனம் செய்த 'ஷிரைக்' தாக்குதல் விமானத்தின் இரண்டு வகைகள்தான் ஏ-8, ஏ-12. அதன் முதல் மாதிரி பறந்தது 1931இல். இரட்டை இறக்கை விமானங்களே வழக்கமாக இருந்த காலத்தில் இது தாழ்வாகப் பொருத்திய ஒற்றை இறக்கையும் முழு உலோக உடலுமாக வந்தது. ஆனாலும் பழைய வாசனை முழுதாகப் போகவில்லை. இறக்கையைக் கம்பியும் முட்டுக்கட்டையும்தான் தாங்கின, சக்கரம் உள்ளே மடங்காது. முன்பக்க இயந்திரத் துப்பாக்கிகள் நான்கையும் சக்கரங்களின் உறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்!

ஏ-8இல் இருந்தது திரவத்தால் குளிரும் 'கான்கரர்' எஞ்சின். மூக்கு கூர்மை, பார்க்க அழகு. ஆனால் தரையை ஒட்டிப் பறந்து தாக்கும் விமானத்துக்கு ரேடியேட்டர் ஒரு பலவீனம். ஒரு குண்டு துளைத்தால் திரவம் ஒழுகி எஞ்சின் சூடாகிவிடும். பராமரிப்பும் கூடுதல்.

அப்புறம் வந்த ஏ-12 காற்றால் குளிரும் ரைட் நிறுவன ரேடியல் எஞ்சினுக்கு, அதாவது சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கிய எஞ்சினுக்கு, மாறியது. மூக்கு மழுங்கியது, வேகமும் கொஞ்சம் குறைந்தது. ஏ-8இல் விமானியும் பின்னால் இருக்கும் துப்பாக்கி வீரரும் ரொம்பத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், பேசிக்கொள்வதே கஷ்டம். ஏ-12இல் பின் இருக்கையை முன்னே நகர்த்தினார்கள். எனக்கு எஞ்சினைவிட இதுதான் பெரிய திருத்தமாகப் படுகிறது.

ராணுவம் வாங்கியது ஏ-8 வகையில் 13, ஏ-12 வகையில் 46. சீனாவும் ரேடியல் எஞ்சின் ஷிரைக்கையே வாங்கி, 1937இல் ஜப்பானியர்களுக்கு எதிராக இறக்கியது. அழகுக்கு ஏ-8, சண்டைக்குப் போவதென்றால் நான் ஏ-12இல்தான் ஏறுவேன்.