மொட்டை மாடி 21 செ.மீ. டிஷ்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிற 6 அடி டிஷ் இது. வானத்து ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில் அனுப்பும் ரேடியோ அலையைப் பிடிக்க வைத்தது. கேபிள் டிவிக்காரர்கள் கழற்றிப்போட்ட பழைய சி-பேண்ட் வலை டிஷ்தான். குவியத்தில் 15 செ.மீ. விட்டத் தகர டப்பா; அதன் அடித்தட்டிலிருந்து 9.3 செ.மீ. தள்ளி, ஆன்டெனாவாக 5 செ.மீ. செம்புக் கம்பி. எல்என்ஏ (அதிக இரைச்சல் சேர்க்காமல் சிக்னலைப் பெருக்கும் கருவி) டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கேபிளில் 1 டெசிபல் போனாலே 75 கெல்வின் இரைச்சல் ஏறிவிடும் (ரேடியோ வானியலில் சிக்னலையும் இரைச்சலையும் வெப்பநிலையாகவே அளப்பார்கள்). பல திசைகளில் வானத்து ஹைட்ரஜன் தருவதே அதைவிடக் குறைவு.

கடலூரில் முதல் எதிரி உப்புக் காற்று. கேபிளை இணைக்கும் எஸ்எம்ஏ திருகு கனெக்டரின் நடு ஊசி பச்சை பூத்துவிடும். சிக்னல் பட்டென்று நிற்காது. வரைபடத்தின் அடிக்கோடு (ஹைட்ரஜன் இல்லாத இடத்து மட்டம்) நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போகும். அதனால் ரிசீவர்மேல் சந்தேகம் வந்து வாரக்கணக்கில் வீணாகும். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் மழைநீர் வழிந்தோடும். டப்பாவின் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை அவசியம். மார்கழிப் பனி ஐப்பசி மழையைவிட மோசம், சத்தமில்லாமல் உள்ளே தேங்கும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆரை (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) 1420.0 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஹைட்ரஜன் கோடு 1420.406இல் வருவதால், ரிசீவரே உண்டாக்கி நடுவில் நிற்கும் பொய் முள் அதன்மேல் விழாது. வாயு நம்மை நோக்கியோ விலகியோ 1 கி.மீ./வி. வேகத்தில் நகர்ந்தால் கோடு 4.74 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும். ரிசீவரின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் சாதாரணப் படிகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தவறினால் 15 கி.மீ./வி. பிழை, டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் படிகம்) உள்ளதில் 1 பிபிஎம்மே தவறினாலும் 0.3தான். இந்தக் கூடுதல் செலவு முழுக்கத் தகும்.

பால்வெளியின் சுருள் கரங்களை, அவற்றின் வேகத்தை வைத்து, இந்த டிஷ் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. சாகும் நட்சத்திரங்களின் ஹைட்ரஜன் கேட்டால், கிடைக்காது. திருவாதிரையையே எடுங்கள். மார்கழி நடுநிசியில் நமக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது. அதைச் சுற்றி 4 வில்நிமிட (60 வில்நிமிடம் ஒரு பாகை) அகல ஹைட்ரஜன் கூடு இருப்பதைப் பிரான்ஸின் நான்சே ரேடியோ தொலைநோக்கியும் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கித் தொகுதியும் 2012இல் காட்டின. நம் கற்றையின், அதாவது டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்து வட்டத்தின், அகலம் 8 பாகை. அதன் பரப்பில் அந்தக் கூடு நிரப்புவது 14,400இல் ஒரு பங்கு. எவ்வளவு நேரம் சேர்த்தாலும் போதாது, ஏனென்றால் குறுக்கே நிற்கும் பால்வெளி வாயுவும் ஏறக்குறைய அதே வேகத்தில் வருகிறது. 200 மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள நான்சேகூட நட்சத்திரத்தின் கிழக்கிலும் மேற்கிலும் பார்த்துக் கழித்துத்தான் விடை கண்டது.

அந்தக் கழித்தலை இங்கேயும் செய்யலாம். டிஷ்ஷை அசைக்காமல் விட்டால் 32 நிமிடத்தில் வானம் ஒரு கற்றை அகலம் நகரும். முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளின் (அதிர்வெண்வாரியான சிக்னல் வரைபடங்களின்) சராசரியை நடுவில் எடுத்ததிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது பால்வெளியின் ஏற்ற இறக்கம். அதைத் திருவாதிரை என்று பெயரிட்டுவிடாதீர்கள்.