இலவசக் கட்டிலும் எட்டுச் சீட்டும்

பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று தெரிந்த மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து பர்மாவிலுள்ள யாங்கோனுக்குக் கிளம்பினேன். 2025 நவம்பர். வழக்கமாக எடுத்துப்போகும் சாக்லேட்டும் தைலமும் இந்த முறை இல்லை. பெட்டி நிறையக் கையுறை, ஊசி, பஞ்சு, பெரியவர்களுக்கான டயப்பர். எல்லாம் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல்படி. “அங்கே கிடைக்காதா அக்கா?” என்றேன். “கிடைக்கும்டா. வாங்கிக் கட்டுப்படியாகாது” என்றாள்.

தொடை எலும்பு முறிவு. அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

கட்டில் இலவசம், டாக்டர் பார்ப்பதும் இலவசம். அப்புறம் எல்லாமே சீட்டுதான். சயாமா (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார், வீட்டு ஆள் ஓட வேண்டும். நான் இருந்த ஒன்பது நாளில் எட்டுச் சீட்டு. முதல் சீட்டில் குளுக்கோஸ் பாட்டிலும் அதன் குழாயும். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் வந்ததுதான் பெரிய சீட்டு: எலும்பில் வைக்கும் பிளேட், ஸ்குரூ, தையல் நூல், மயக்க மருந்து. அக்காவின் ஒரு ஜோடி வளையல் அதோடு போயிற்று. மிங்கலா சந்தைப் பக்கத்து மருந்துக் கடைகளில் பாதிச் சரக்கு நம் இந்தியாவிலிருந்து வருவது. ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. நான் போனபோது வெளிச்சந்தையில் 4,000ஐ ஒட்டி. அந்த வித்தியாசம் முழுக்க நோயாளியின் தலையில்.

சீட்டு எழுதும் பழக்கம் புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ‘செலவைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று ராணுவ அரசு ஆரம்பித்துவிட்டது. 2000இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாட்டுச் சுகாதார அமைப்புகளை வரிசைப்படுத்தியபோது பர்மா கடைசிக்கு முந்தைய இடம். 2011க்குப் பிறகு ஒதுக்கீடு கூடியது. அந்தச் சில வருடங்களில் பெரியப்பாவுக்கு மாத்திரை வார்டிலேயே கொடுத்தார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கதை மாறியது. இரண்டே நாளில் வேலையைத் துறந்து முதலில் வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவமனை டாக்டர்களும் நர்சுகளும்தான். பலர் திரும்பவே இல்லை. சிலரை உள்ளே போட்டார்கள், பலருடைய உரிமத்தைப் பறித்தார்கள். அரசுப் பணம் எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. ராணுவத்துக்குப் போவதோடு ஒப்பிட்டால் சுகாதாரத்துக்கு விழுவது உண்டியல் சில்லறை. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் தொண்டு நிறுவனங்களின் கிளினிக்குகளும் சுருங்கின.

இரவில் கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும். பெரியம்மாவுக்கு நான்தான் விசிறி. வார்டுச் சுவரில் கொடையாளர் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. மின்விசிறி இன்னார், கட்டில் இன்னார் என்று பர்மிய மொழியில் வரிசையாக. நம் கோயில் ட்யூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைப்போமே, அதே மாதிரி. கோயிலில் சிரித்திருக்கிறேன். இங்கே சிரிப்பு வரவில்லை.

வார்டுக் கோடியில் ஒரு பச்சை அலமாரி. வந்த நாளிலிருந்து அது மருத்துவமனை ஸ்டோர் என்றே நினைத்திருந்தேன். ஆறாம் நாள் ராத்திரி, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். கூட வந்தது பாட்டி மட்டும், கையில் காசில்லை. சயாமா சீட்டு எழுதவில்லை. அலமாரியைத் திறந்து குளுக்கோஸும் ஊசியும் எடுத்தார். குளுக்கோஸ் பாட்டிலில் வேறு யாரோ ஒருவர் பெயர், கட்டில் எண்ணோடு. வீட்டுக்குப் போனவர்களும் செத்துப்போனவர்களும் விட்டுச்சென்ற மிச்சம் அது.

பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிய காலை, எங்கள் பையிலும் பாதிப் பெட்டிக் கையுறை, நாலு ஊசி, பிரிக்காத பஞ்சு. சயாமா கேட்கவில்லை, சும்மா அந்தப் பையைப் பார்த்தார். நான் எடுப்பதற்குள் பெரியம்மா, “அந்த டயப்பரையும் வச்சிட்டு வாடா, நான் நடந்துருவேன்” என்றார்.