ஊட்டி இ-பாஸ்: வாங்குவது சுலபம், மலைக்கு அது போதவில்லை

வெளியூர் வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறுபவர்கள் இ-பாஸ் வாங்கியாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-இல் தொடங்கிய நடைமுறை இது. ஒரு சேவை என்ற அளவில் இதைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டணம் கிடையாது. இந்திய செல்பேசி எண் இருந்தால் ஓடிபி மூலமும், வெளிநாட்டவர் மின்னஞ்சல் மூலமும் இ-பாஸ் இணையதளத்துக்குள் நுழையலாம். வண்டி எண், வண்டி வகை, எரிபொருள், எத்தனை பேர், எந்த நாள் வருகிறீர்கள், எந்த நாள் இறங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். நிரப்பி முடித்ததும் க்யூஆர் குறியீட்டோடு பாஸ் வந்துவிடும்.

சிக்கல் வருவது வாடகை வண்டியில்தான். பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டி எண்ணுக்கு. டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பினால் கையில் இருக்கும் பாஸ் உதவாது. முன்தினமே பதிவு எண்ணைக் கேட்டு உறுதி செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். க்யூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடிவாரத்தில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னலையும் ஓடிபியையும் நம்ப வேண்டாம். மேட்டுப்பாளையம் வழியில் கல்லாறிலும், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனையிலும், மைசூர் பக்கம் கக்கநல்லாவிலும், கேரளப் பக்கம் நாடுகாணி, பாட்டவயல், தாளூர் போன்ற இடங்களிலும் சோதனை உண்டு. பாஸ் இல்லாமல் வந்து சாவடியில் விண்ணப்பம் நிரப்பும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் நிற்பவர்களையெல்லாம் காக்க வைக்கிறது. மைசூரிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பாஸ் இருந்தாலும் அந்த நேரத்தில் விடமாட்டார்கள்.

2024-இல் உச்சவரம்பு எதுவும் இல்லை, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. சீசனில் நாளொன்றுக்கு சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் வருகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது. உண்மையில் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் பாஸ். அந்த வேலைக்கு இது பொருத்தமான கருவி. மலையின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு நீதிமன்றம் வரம்பு வைத்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்த வரம்பு இல்லை. (எண்கள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் தளத்தில் பாருங்கள்.) ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். இரண்டு மாத சீசனை நம்பி ஆண்டு முழுவதும் ஓட்டும் சிறு கடைக்காரரின் பயம் நியாயமானது.

வரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ண வேண்டியதை இந்த வரம்பு எண்ணவில்லை. சனிக்கிழமை 8,000, ஞாயிற்றுக்கிழமை 8,000 வண்டிகள் ஏறுகின்றன. எல்லாரும் இரண்டு இரவு தங்குகிறார்கள் என்று வையுங்கள். ஞாயிறு இரவு மலையில் நிற்பவை 16,000. வரம்பும் மீறப்படவில்லை, மலையும் நிரம்பி வழிகிறது. இறங்கும் நாளை விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள், ஆனால் வரம்பு நுழைவுக்கு மட்டும்தான். இருவர் வரும் காரும் ஒரு வண்டி, ஐம்பது பேர் வரும் சுற்றுலாப் பேருந்தும் ஒரு வண்டி. சாலை நெரிசலுக்கு வண்டிக் கணக்கு சரி. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் குப்பைக்கும் அது பொருந்தாது. ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலியும் குன்னூருக்குத் தரும் ரேலியா அணையும் மே மாதத்தில் தாழ்ந்து கிடக்கும்போதுதான் கூட்டமும் உச்சத்தில் இருக்கிறது. அங்கே தேவை தலைக்கணக்கு, அதுவும் இரவுக் கணக்கு.

அறைகள் பெருகப் பெருக சரிவை வெட்டிக் கட்டுகிறார்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கம் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. இப்படிப்பட்ட மழை வரும் மலையில் வெட்டிய சரிவு நிற்காது. பாஸ் வண்டியைத்தான் நிறுத்தும், ஜேசிபியை நிறுத்தாது.

உடனே செய்யக்கூடியவை இரண்டு. இறங்கும் வண்டிகளையும் சாவடியில் ஸ்கேன் செய்து, இப்போது மலையில் எத்தனை வண்டி, எத்தனை பேர் என்பதைத் தளத்திலேயே காட்டலாம். அடுத்து, பதிவுக்குச் சிறு முன்பணம் வாங்கி, வந்தவர்க்கும் முன்கூட்டி ரத்து செய்தவர்க்கும் திருப்பித் தரலாம். இலவசம் என்பதால் வருவது உறுதியாகாதவரும் ஒரு இடத்தைப் பிடித்து வைக்க முடிகிறது. அந்த நாளில் உண்மையாக வர நினைத்தவர் வெளியே நிற்கிறார்.

பிளாஸ்டிக் சோதனையும் இதே பயணத்தில் சேர்ந்து வரும். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் ஒன்றும் கொஞ்சம் ஐந்து ரூபாய் நாணயங்களும் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் உண்டு. பழுதாகி நிற்பவையும் இருக்கும் என்பதால் அடிவாரத்திலேயே பாட்டிலை நிரப்பிவிடுவது நல்லது.

குழந்தைகளோ முதியவர்களோ உடன் வராவிட்டால் காரையே விட்டுவிடலாம். அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலுக்குச் சீசனில் பல வாரம் முன்பே பதிவு தீர்ந்துவிடும். பேருந்துக்கு அந்தக் கவலை இல்லை. கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பேருந்து நிலையத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் ஊட்டிக்குப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். கோடையில் ஊருக்குள் சுற்றிப் பார்க்க அரசுச் சுற்றுப் பேருந்தும் ஓடுகிறது. ஒரே டிக்கெட்டில் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா பக்கம் ஏறி இறங்கிக்கொள்ளலாம்.