தங்கச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பூசச் சொன்னார்கள்: 18,500 ரூபாவுக்கு நான் வாங்கிய மங்குக் கிறீம்

திருகோணமலையில் முகத்தில் மங்கு, தேமல், கரும்படை என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கும் அழகு நிலையம் ஒன்றில் 18,500 ரூபாவைக் கொடுத்து, இருந்த முகத்தையும் கெடுத்துக்கொண்டு, நேற்று மாலை தோல் வைத்தியரிடம் போய் வந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவோம் என்று ஏற்கனவே மிரட்டியிருப்பதால் பெயர் எழுதவில்லை. மங்கு ஏன் வருகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் மண்ணிறத்தில் படை படர்ந்தது. பிள்ளைக்கு இப்போது மூன்று வயது, படை போகவில்லை. நிலாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கற்பிப்பதால் காலையில் பஸ் தரிப்பிடத்து வெயிலும், பிற்பகலில் கச்சான் காற்றின் அனலும் தினமும் முகத்தில்தான். ஆவணியில் தங்கையின் கலியாணம். "என்ன டீச்சர், முகம் இப்பிடிக் கறுத்துப்போச்சு" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன ஒரு நாளில்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன்.

அங்கே நடந்ததை நினைக்க நினைக்கத்தான் என்மீதே கோபம் வருகிறது. அந்த நிலையத்தை நடத்தும் பெண்மணி என்னை இருத்தி, தேநீர் தந்து, கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எனக்கும் இப்பிடித்தான் இருந்தது, அழுதிருக்கிறன்" என்றார். அவரது கண்ணும் கலங்கியது. தொலைபேசியில் பத்துப் பன்னிரண்டு முகங்களை, முன்பும் பின்புமாகக் காட்டினார். பிறகு மூன்று சிறிய வெள்ளை டப்பிகளையும் ஒரு சவர்க்காரக் கட்டியையும் எடுத்து வைத்தார். டப்பியில் ஒரு பூப்படம் மட்டும் ஒட்டியிருந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள், யார் செய்தார்கள், எப்போது காலாவதியாகும் என்று ஒரு வரியும் இல்லை. கேட்டபோது "எல்லாம் மூலிகை, நாங்களே அரைக்கிறது" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன ஒரு சொல்தான் என்னை முழுதாக நம்பவைத்தது: "பூசும்போது சங்கிலி, தோடு எல்லாத்தையும் கழற்றி வையுங்கோ தங்கச்சி, நகை மங்கிப்போகும்." என் நகைமீது இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் 18,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் நோகும் என்று நினைத்தேன்.

முதல் பத்து நாளில் முகம் வெளுத்தது உண்மை. பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நானே வழியும் சொல்லிவிட்டேன், அதற்காக அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன். நான்காவது வாரத்தில் அடுப்படியில் நின்றாலே கன்னம் எரிந்தது. ஐந்தாவது வாரத்தில் மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூல் போல இரத்த நாளங்கள் தெரிந்தன, நாடியெல்லாம் சிறு சிறு கொப்புளங்கள். பயந்து இரண்டு நாள் பூசாமல் விட்டதும் முகம் வீங்கிச் சிவந்து, பழைய மங்கு முன்னைவிடக் கருமையாகத் திரும்பி வந்தது.

வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "உள்ளுக்குள்ள இருக்கிற நஞ்சு வெளியில வருது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. அடுத்த நாள் "நீங்கள் வெயிலில் திரிஞ்சிருப்பீங்கள்" என்றார். வெயிலில் திரியாமல் திருகோணமலையில் எப்படி வாழ்வது என்று கேட்டேன். வாசித்ததற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்தது. நேரில் போனபோது வேலைக்கு நிற்கும் பிள்ளை "அக்கா கொழும்புக்குப் போயிட்டா" என்றாள். உள்ளறையில் அதே அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "அடுத்த கட்டக் கிறீம் 9,000 ரூபாதான், அதைப் போட்டால் எல்லாம் அடங்கும், இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை" என்றார் அந்தப் பெண்மணி. என் 18,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள் என்றதும் "பில் இருக்கா?" என்று கேட்டாரே, அந்தக் குரலில் தங்கச்சியும் இல்லை, கண்ணீரும் இல்லை. இவற்றையெல்லாம் விடக் கொடுமை, போன கிழமை அவர்களுடைய விளம்பரத்தில் "பத்தே நாளில்" என்ற எழுத்துக்குக் கீழே கண்ணை மறைத்துப் போட்டிருக்கும் முகம் என்னுடையது. இடது நாடியிலுள்ள மச்சத்தைப் பார்த்து என் தங்கை கண்டுபிடித்தாள். அகற்றச் சொன்னதற்குத்தான் அந்த வழக்கு மிரட்டல்.

நேற்று வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே "எத்தனை வாரம் பூசினீங்கள்?" என்றுதான் கேட்டார், என்ன பூசினீர்கள் என்று கேட்கவில்லை. கடுமையான ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த பூச்சு முகத்தை முதலில் வெளுக்கச் செய்து, பிறகு தோலை மெலிய வைத்து, இரத்த நாளம் தெரியவும் கொப்புளம் போடவும் செய்யும் என்றும், நிறுத்தினால் முகம் இப்படிக் கொதித்துச் சிவக்கும் என்றும் விளக்கினார். டப்பியைச் சோதிக்காமல் உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றவர், நகையைக் கழற்றச் சொன்ன கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தங்கத்தோடு சேர்ந்து அதன் நிறத்தைக் கெடுப்பது பாதரசம். வெளுக்கவைக்கும் பூச்சுகளில் அதைத் திருட்டுத்தனமாகச் சேர்ப்பார்கள், அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் என்று சொல்லி, சிறுநீர்ச் சோதனைக்கு எழுதித் தந்தார். பிள்ளை எங்கே படுக்கிறது என்றும் கேட்டார். என் பக்கத்தில்தான், என் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் படுக்கிறது என்று சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. தலையணை உறை, துவாய் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்.

மங்குக்கான காரணங்களை அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். கர்ப்ப காலத்து ஹோர்மோன், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி, எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். நான் கருத்தடை மாத்திரை எடுப்பதை அவர்தான் கேட்டு அறிந்தார். 18,500 ரூபா வாங்கியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாப் படையும் மங்கு அல்ல என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும். வியர்க்கும் முதுகிலும் நெஞ்சிலும் செதிலோடு வரும் தேமல் பூஞ்சையால் வருவது. அதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து போதும், ஆனால் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் எடுக்கும். பருவும் சிரங்கும் ஆறிய இடத்துக் கருமை வேறு.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் முகம் எரிகிறது, பிள்ளையும் எழும்பிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எந்தப் படையானாலும் முதலில் அது என்னவென்று தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய படை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அது தொழுநோயாக இருக்கலாம், அரசாங்க வைத்தியசாலையில் அதற்கு இலவச மருந்து உண்டு. மங்குக்குக் குடை, தொப்பி, எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத வெயில் கிறீம் ஆகியவை இல்லாமல் வேறு எந்த மருந்தும் நிலைக்காது. வெளியில் நிற்பவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதைத் திரும்பப் பூச வேண்டும். பத்து நாளில் வெளுக்கும் என்பவரை நம்பாதீர்கள், சரியான சிகிச்சைக்கே மாதக் கணக்காகும். ஏற்கனவே இப்படிப்பட்ட கிறீமைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பியை எறியாமல் இறுக்கிக் கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977; பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த மாடியில் 18,500 ரூபாவோ வேறு தொகையோ கொடுத்து ஏமாந்தவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.