பைஸ்டாண்டர் கட்டத்தில் எழுதிய பெயர்: இரண்டு குடிமீட்பு மையங்களைப் பற்றி

கள்ளுக்குப் பேர்போன எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் குடியை நிறுத்தச் சிகிச்சை தேடுவது கடினமன்று. தன்பாலீர்ப்பாளன் ஒருவன் பொய் சொல்லாமல் சிகிச்சை பெறும் இடத்தைத் தேடுவதுதான் கடினம். கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான் ஓராண்டுக்குள் இரண்டு மையங்களில் சேர்ந்தேன். இரண்டின் பெயரையும் தவிர்க்கிறேன்.

முதலாவது, வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோவைப் பக்கத்தில் உள்ள தனியார் மையம். மருந்தில் குறை சொல்ல முடியாது. குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் பிதற்றல் வரும் அபாயம் அதிகம் என்பதால், அந்த இரவுகளில் நர்ஸ் அடிக்கடி வந்து கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்தார்; தயமின் (வைட்டமின் பி1) ஊசி ஒரு வேளையும் தவறவில்லை. சோறு சுமார். கோளாறெல்லாம் கவுன்சிலிங் அறையில்தான். எப்போது அதிகம் குடிப்பீர்கள் என்று கவுன்சிலர் கேட்டார். அக்கா வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகப் போய்த் திரும்பும் இரவுகளில் என்றேன். ஏன் தனியாக என்றதற்கு, ஒன்பது ஆண்டுகளாக ஓர் ஆணுடன் வாழ்வதைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “குடியை விட்டால் அதுவும் போய்விடும் தம்பி, ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள்” என்றார். அதன்பின் அவரிடம் நான் சொன்னதெல்லாம் புனைகதை. வீடு திரும்பிய இருபதாம் நாள் மறுபடியும் குடித்தேன். முழுப் பழியும் அவருடையதன்று. ஆனாலும் கட்டியது 28 நாளுக்கான பணம், கிடைத்தது ஐந்து நாளுக்கான வைத்தியம்.

தன்பாலீர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இலேயே சொல்லிவிட்டது. அதை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளைத் தடை செய்யும்படி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை எதுவும் அந்த அறையின் கதவைத் தட்டவில்லை.

இரண்டாவது மையம் பாலக்காட்டுப் பக்கம். இம்முறை, என் இணையர் ஆண், அவர் உடனிருக்கலாமா என்று போனிலேயே கேட்டுவிட்டேன். சேர்க்கைப் படிவத்தில் ‘பைஸ்டாண்டர்’, அதாவது நோயாளியுடன் தங்குபவர், என்ற கட்டமும், பக்கத்தில் ‘உறவு’ என்ற கட்டமும் இருந்தன. எங்கள் தயக்கத்தைப் பார்த்த ரிசப்ஷன் சேச்சி, “கூட இருக்கறது யாரோ அவங்க பேர் போதும்” என்று தமிழிலேயே சொல்லி, இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டார். மருத்துவர் ஒரு படி மேலே போனார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப்பொருள் சார்ந்த மனநலச் சிக்கல்களையும் உள்ளடக்கியது. பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. நமக்காக முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நாமே நியமிக்கலாம், அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தாளை மருத்துவர் என்னிடமிருந்து கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார். சனிக்கிழமைக் குடும்பக் கூட்டத்தில் மனைவிமாரின் வரிசையில் என் இணையரும் ஒரு நாற்காலியில் அமர்ந்து, நான் பாட்டிலை ஒளித்து வைக்கும் இடங்களையெல்லாம் போட்டுக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. குழுக் கூட்டம் முழுக்க மலையாளத்தில் நடக்கிறது. வேகமாகப் பேசினால் எல்லைக்காரனான எனக்கே பாதிதான் பிடிபடும். கழிவறை மோசம். பெண்களுக்கு வார்டே இல்லை என்பதால் என் தோழிக்கு இந்த இடத்தைச் சொல்ல முடியவில்லை. அவரும் அவருடைய இணையரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.