40,000 வாங்கிக்கொண்டு தடயத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள்: வெடித்த ரைஃபிளை ஆய்வுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

இன்று காலைதான் அறிக்கை கைக்கு வந்தது. மொத்தம் இரண்டு பக்கம். ஒரு பக்கம் முழுக்க "நாங்கள் எதற்கும் பொறுப்பில்லை" ரகம். மற்றதில் ஹெட்ஸ்பேஸைப் பற்றி, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முன்னால் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி, ஒரே முடிவு: "ஹெட்ஸ்பேஸ் அதிகம், பராமரிப்புக் குறைபாடு." இதற்கு 40,000. கோபம் ஆறினால் மரியாதையாக எழுதத் தோன்றும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை. வெடித்துப்போன துப்பாக்கியைப் பரிசோதித்துக் காரணம் சொல்கிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் சேவைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிள் .308 போல்ட் ஆக்‌ஷன். அதாவது .308 அளவுத் தோட்டா போட்டு, போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் வகை. தோட்டா ஆலையில் நிரப்பியது. சுட்ட கணத்தில் மகசின் அடிவழியாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று, கட்டை பிளந்தது, காலித் தோட்டாவை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பறந்தது, பேரல் திருகி நிற்கும் ரிசீவர் வளையத்தில் ஒரு துண்டு பெயர்ந்தது. பாதுகாப்புக் கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலையில் உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. ரிசீவரே பெயர்ந்தது என்றால் ஒன்று, அழுத்தம் அதைவிட எக்கச்சக்கமாக ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எஃகு முன்பே பழுதாகியிருக்க வேண்டும். இரண்டில் எது? இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்தப் பணம்.

ஏன் நம்பினோம் என்று கேட்பீர்கள். முதல் பேச்சிலேயே "எதையும் துடைக்காதீங்க, போல்ட்டைத் தட்டித் திறக்காதீங்க, மிச்சத் தோட்டாவைப் பெட்டியோட கொண்டு வாங்க" என்றார்கள். மூன்றும் நூற்றுக்கு நூறு சரி. விஷயம் தெரிந்தவர் வாயிலிருந்துதான் இது வரும் என்று எவருக்கும் தோன்றும். முழுத்தொகையும் முன்பணமாகப் போனது அந்தப் பேச்சை நம்பித்தான்.

எங்களைத் துடைக்க வேண்டாம் என்றவர்கள், தாங்களே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ரிசீவர் துண்டின் உடைந்த முகம் பளபளக்கிறது. போதாததற்கு, துண்டை அதன் இடத்தில் பொருத்திப் படம் எடுத்து அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். இதன் அநியாயம் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். உலோகம் உடைந்த முகம்தான் முதல் சாட்சி. பழைய விரிசல் இருந்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் கறுத்தோ துருவேறியோ இருக்கும், புதிதாகப் பிளந்த பகுதி பளிச்சென்று தெரியும். நாள்பட்ட உலோகச் சோர்வு என்றால் அலையலையாகக் கோடுகள் விழும். நொறுங்கி உடைந்திருந்தால் அம்புக்குறி போன்ற வரிகள் விரிசல் தொடங்கிய இடத்தைக் காட்டும். பழைய அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்த 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட வரிசை எண்கள் இன்றுவரை சந்தேகப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம், எஃகின் சூட்டை நிறம் பார்த்துக் கண்ணளவில் மதிப்பிட்டதில் சில ரிசீவர்கள் கருகி, நொறுங்கும் தன்மை அடைந்ததுதான். அப்படிப்பட்ட எஃகு உடைந்தால் முகத்தில் சொரசொரவென்று பெரிய மணிகளாகத் தெரியும். எங்கள் துண்டில் அப்படி இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு முகங்களையும் சேர்த்து அழுத்தினாலே அந்த வரிகள் நசுங்கிவிடும். பிரஷ் போட்ட பிறகு மிச்சம் என்ன இருக்கும்?

சரி, அவர்கள் சொன்ன ஹெட்ஸ்பேஸுக்கு வருவோம். .308-க்குக் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கேஜ் என்பது சேம்பரில் வைத்துப் பார்க்கும் அளவுக் கட்டை; ஃபீல்ட் மேல் போல்ட் மூடக் கூடாது. ஃபீல்ட் கேஜ் மேலேயே போல்ட் மூடிக்கொண்டது என்று எழுதியிருக்கிறார்கள். மூடத்தான் செய்யும்! அளந்தது வெடித்த பிறகு. அந்த அளவு அழுத்தத்தில் போல்ட்டைப் பூட்டும் லக்குகள் (பற்கள்) பின்னால் தள்ளப்பட்டு ரிசீவரின் இருக்கையில் பள்ளம் பதிக்கும், இடைவெளி தானாகவே கூடிவிடும். காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சுடுவதுதான் நோய் என்று எழுதிக் கொடுப்பது போன்ற கதை இது. இடைவெளி முன்பே இருந்ததா, வெடிப்பில் உண்டானதா என்று பிரிக்க வேண்டுமானால் லக் இருக்கையில் புதிய படி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே ரைஃபிளில் முன்பு சுட்ட கேஸ்களின் (காலிப் பித்தளைக் குழல்கள்) தோள் அளவை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியின் அளவை, எடுக்க வேண்டும். ஹெட்ஸ்பேஸ் நெடுநாளாக அதிகமாக இருந்திருந்தால் அந்தப் பழைய கேஸ்களின் தோள் முன்னால் நகர்ந்திருக்கும், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரியும், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அதே இடத்தில் பள்ளம் தட்டும். பை நிறையப் பழைய கேஸ் கொடுத்தோம். அறிக்கையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெடித்த கேஸ் என்ன சொல்கிறது? அடிப்பாகத்துப் பித்தளை போல்ட் முகத்தின் எக்ஸ்ட்ராக்டர் வெட்டிலும், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளையிலும் வழிந்திருக்கிறது, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் குழி அகன்று பிரைமர் விழுந்துவிட்டது, அடி முத்திரை எழுத்துகள் நசுங்கியிருக்கின்றன. இது மிகையழுத்தத்தின் கையெழுத்து. ஹெட்ஸ்பேஸ் மட்டும் காரணமாக இருந்திருந்தால் கேஸ் அடிப்பாகத்துக்கு மேலே வட்டமாக அறுந்திருக்கும், அடி இப்படி வழியாது. (பிரைமர் தட்டையானதை மட்டும் வைத்து அழுத்தம் சொல்பவர்களையும் நம்பாதீர்கள், அது தனியாக எதையும் நிரூபிக்காது.)

எல்லாவற்றையும் விட மோசம் பேரல். தோட்டா உட்காரும் சேம்பருக்கு நான்கு விரற்கடை முன்னால் சுற்றிலும் மெல்லிய வீக்கம். வெளியே விரல் வைத்தாலே தட்டுப்படுகிறது. உள்ளே இறுக்கமான துணியைக் கம்பியில் தள்ளினால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகுகிறது. முந்தைய தோட்டாவின் குண்டு பேரலில் நின்றுபோய், அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் விழும் வளையம் இது. அதற்கு முந்தைய வேட்டு சத்தம் குன்றி உதை இல்லாமல் போனதையும், இலக்குத் தாளில் ஒரு துளை குறைவதையும் எழுதியே கொடுத்திருந்தோம். அதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. தவறான வெடிமருந்து நிரப்பிய தோட்டாவும் சேம்பரை இப்படி ஆக்கும். ஆனால் அதற்கு இந்த வளையம் விழாது. 40,000 வாங்கியவர் பேரலுக்குள் ஒரு போர்ஸ்கோப்பாவது விட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? அறிக்கையில் "பேரல்" என்ற சொல்லே இல்லை.

மிச்சத் தோட்டாக்கள்? அதே லாட், அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரானவை. ஒவ்வொன்றாக எடை பார்த்து, விலகி நிற்பவற்றைப் பிரித்து மருந்தை ஒப்பிட்டிருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்திருக்கும். கேட்டால் "பாதுகாப்பு கருதி அழித்துவிட்டோம்" என்கிறார்கள்.

போன் செய்தால் ஒரு நாள் "லேப்ல வரிசை அதிகம் சார்", இன்னொரு நாள் "இன்ஜினியர் வெளிய இருக்கார்", கடைசியில் "ரிப்போர்ட் ஃபைனல், மாத்த முடியாது". பேரல் வீக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதற்கு வந்த பதில்: அது "கூடுதல் ஆய்வு", தனிக் கட்டணம். ஏற்கெனவே கொடுத்த 40,000 எந்த ஆய்வுக்கு என்று கேட்டதும் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். கையை விட்டுப் போகும் முன் உடைந்த முகங்களையும் பேரலையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றுங்கள், ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். மிச்சத் தோட்டாவில் பாதியை உங்களிடமே வையுங்கள். என்னென்ன அளக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்; உங்கள் ஒப்புதல் இல்லாமல் சுத்தம் செய்யவோ அழிக்கவோ கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும். முழுத்தொகையை முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.